டைனோசருக்கும் ஊர் உண்டு, காலம் உண்டு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தை பிறந்துவிட்டால் நம் கொங்கு மண்டலத்தில் இரண்டு இடங்களுக்கு டைனோசர் வந்துவிடும். ஒன்று மைதானத்தில் கூடாரம் போட்டு நடக்கும் பொருட்காட்சி, இன்னொன்று பள்ளிக்கூட அறிவியல் கண்காட்சி. இரண்டிலும் காட்சி ஒன்றுதான். பச்சைப் பாய் விரித்த தரை, நான்கு பிளாஸ்டிக் தென்னை, நடுவில் வாயைப் பிளந்த டி.ரெக்ஸ், அதன் காலடியில் ஸ்டெகோசரஸ், பக்கத்தில் ஆளுயர வெலாசிராப்டர், மூலையில் ஒரு மம்மூத் யானை. முகப்பில் ‘டைனோசர் உலகம்’ என்று பலகை. பிள்ளைகள் போட்டோ எடுத்துக்கொண்டு, டெல்லி அப்பளம் தின்றுவிட்டு வீடு திரும்புகிறார்கள்.

அந்தக் கூடாரத்தில் நிற்கும் விலங்குகளில் எதுவும் மற்றொன்றை உயிரோடு பார்த்ததில்லை. டி.ரெக்ஸ் வாழ்ந்தது வட அமெரிக்காவின் மேற்குப் பாதியில், 6.8 கோடி முதல் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன். ஸ்டெகோசரஸ் அதே அமெரிக்காவில் வாழ்ந்தாலும் காலம் 15 கோடி ஆண்டுகளுக்கு முன். வெலாசிராப்டர் மங்கோலியாக்காரன், அதுவும் 7.5 முதல் 7.1 கோடி ஆண்டுகளுக்குள். மம்மூத் டைனோசரே இல்லை, நேற்று மறைந்த யானை இனம். நாங்கள் கேட்பது சின்ன விஷயம். ஒவ்வொரு சிலைக்குக் கீழும் இரண்டு வரி எழுதுங்கள்: எலும்பு கிடைத்தது எந்த நாட்டில், வாழ்ந்தது எத்தனை கோடி ஆண்டுகளுக்கு முன். அதை எப்படிச் செய்வது, எங்கே தவறும் என்பதையும் சேர்த்தே எழுதுகிறோம். ஆசிரியர்களும் கூடாரக்காரர்களும் இதை வெட்டி வைத்துக்கொள்ளலாம்.

முதலில் காலம். 2.52 மீட்டர் கயிறு ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். 1 செ.மீ. என்றால் 10 லட்சம் ஆண்டு, 10 செ.மீ. என்றால் ஒரு கோடி. ஒரு முனை இன்று, மறுமுனை 25.2 கோடி ஆண்டுகளுக்கு முன், அதாவது டைனோசர்களின் பெருங்காலம் தொடங்கும் எல்லை. இன்றைய முனையிலிருந்து அளந்து, 66வது செ.மீ.யில் சிவப்புத் துணி கட்டுங்கள். மெக்சிகோவில் விண்கல் விழுந்து, பறவைகள் தவிர்த்த டைனோசர்கள் அழிந்தது அங்கே. டி.ரெக்ஸ் 66 முதல் 68, வெலாசிராப்டர் 71 முதல் 75, ஆப்பிரிக்காவின் ஸ்பைனோசரஸ் 95 முதல் 100 வாக்கில், ஸ்டெகோசரஸ் 145 முதல் 155. அர்ஜென்டினாவில் கிடைத்த ஈயோராப்டர் போன்ற தொடக்கக்கால டைனோசர்கள் 230ஐ ஒட்டி. நம் மனித இனம் மொத்தமும் கடைசி 3 மில்லிமீட்டரில் அடங்கிவிடும்.

கயிற்றைக் கட்டியதுமே ஒன்று கண்ணில் படும். ஸ்டெகோசரஸுக்கும் டி.ரெக்ஸுக்கும் இடையே முக்கால் மீட்டருக்கு மேல் இடைவெளி. டி.ரெக்ஸுக்கும் நமக்கும் இடையே 66 செ.மீ.தான். டி.ரெக்ஸ் ஸ்டெகோசரஸைக் கடிக்கிற படத்தை விட, டி.ரெக்ஸ் டவுன் பஸ்ஸுக்கு நிற்கிற படம் காலக்கணக்கில் கொஞ்சம் நெருக்கம். முதுகில் படகின் பாய் போலத் தோல் விரித்து நிற்கும் டைமெட்ரோடனையும் டைனோசர் பட்டியலில் சேர்த்துவிடுகிறார்கள். அது கயிற்றிலேயே வராது, மறுமுனைக்கு அப்பால் 20 செ.மீ. தள்ளித்தான் அதன் காலம்.

கயிற்றில் செய்யும் வழக்கமான பிழை, இடைவெளியைச் சமமாக வைத்துப் பெயர்ச்சீட்டுகளைத் தொங்கவிடுவது. சீட்டு அகலமாக இருப்பதால் 66க்கும் 75க்கும் நடுவில் இடம் போதாது, உடனே பிள்ளைகள் நகர்த்தி அழகாக்கிவிடுவார்கள். அப்படிச் செய்தால் கயிற்றால் பயனே இல்லை. சீட்டை நூலில் நீளமும் குட்டையுமாக மாற்றி மாற்றித் தொங்கவிடுங்கள், முடிச்சு மட்டும் சரியான அளவில் இருக்கட்டும்.

அதே கணக்கில் நம்மூர்ப் பாறைக்கும் முடிச்சுப் போட ஆசைப்பட்டால் வகுப்பறை போதாது. சங்ககிரி, திருச்செங்கோடு, பரமத்தி வட்டாரங்களில் நாம் மிதித்து நடக்கும் பாறைகளில் பல 250 கோடி ஆண்டுப் பழமை கொண்டவை. கயிற்றில் அது 25 மீட்டர், கேட்டைத் தாண்டி ரோட்டுக்குப் போய்விடும். நாமக்கல் மாவட்டம் சித்தம்பூண்டியில் கிடைக்கும் அனார்த்தசைட் என்ற வெண்மையான பாறை நிலாவின் மேட்டு நிலப் பாறையை ஒத்தது. சந்திரயான் 2 சோதனைக்கு இஸ்ரோ செயற்கை நிலா மண் தயாரித்தது அதை அரைத்துத்தான்.

நம்மூர்ப் பாறை இந்த வகை என்பதால்தான் கொங்கு நாட்டில் டைனோசர் எலும்பு கிடைக்காது. காரணம் எளியது. எலும்பு கல்லாக வேண்டுமென்றால், செத்த உடனே மணலோ வண்டலோ அதன்மேல் படிய வேண்டும், பிறகு அந்தப் படிவு கோடி ஆண்டுக் கணக்கில் அரிபடாமல் கிடக்க வேண்டும். நம்முடையவை பூமியின் ஆழத்தில் வெந்து உருமாறிய பாறைகள். 1,000 அடி போர் போட்ட விவசாயியைக் கேளுங்கள், மேலே கொஞ்சம் செம்மண், சரளை, அதற்குக் கீழே கடைசி வரை கல்தூள்தான் வந்திருக்கும். டைனோசர் இந்த மண்ணில் நடக்கவில்லை என்று இதற்குப் பொருளல்ல. அந்தக் காலத்தில் இது கடலுக்கு மேலே நின்ற மேட்டு நிலம். அரிக்கப்பட்டதே தவிர, இங்கே எதுவும் படிந்து நிலைக்கவில்லை. அரிபட்ட மணலும் களிமண்ணும் கிழக்கே ஓடிப் படிந்த இடம்தான் அரியலூர், பெரம்பலூர் பக்கம்.

இந்த வித்தியாசத்தைக் கையில் பிடித்துக் காட்ட ஒரு வழி உண்டு. மதுக்கரைச் சுண்ணாம்புக்கல் ஒரு துண்டு, அரியலூர்ச் சுண்ணாம்புக்கல் ஒரு துண்டு. இரண்டும் சிமெண்டுக்குத்தான் போகின்றன, இரண்டின் மேலும் நீர்த்த அமிலம் விட்டால் நுரைக்கும். உடைத்துப் பார்த்தால், மதுக்கரைக் கல்லில் கற்கண்டு போல மினுக்கும் படிகம். வெப்பத்திலும் அழுத்தத்திலும் பழைய உருவம் எல்லாம் அழிந்து புதிதாய்ப் படிகமானது. அரியலூர்க் கல்லில் கிளிஞ்சலும் சிப்பியும் முழுசாகத் தெரியும். பத்து ரூபாய் லென்ஸ் போதும். ஒரு பாடவேளையில் ‘இங்கே ஏன் இல்லை, அங்கே ஏன் இருக்கிறது’ என்பது பிள்ளைகளுக்குப் புரிந்துவிடும்.

பத்திரிகை என்பதால் உங்களிடமும் ஒரு வேண்டுகோள். குளம் தூர்வாரும்போதோ கிணறு வெட்டும்போதோ உருண்டைக்கல் கிடைத்தால் ‘டைனோசர் முட்டை’ என்று செய்தி வந்துவிடுகிறது. 2020 அக்டோபரில் பெரம்பலூர் மாவட்டம் குன்னத்தில் அப்படித்தான் பரவியது. பிறகு பார்த்தால், அம்மோனைட் என்ற கடலுயிரியின் ஓட்டைச் சுற்றிச் சுண்ணம் உறைந்து உருண்ட கற்கள் அவை. குன்னத்தில் கடல் இருந்ததால் அம்மோனைட்டாவது இருந்தது. நம் பக்கம் கிடைக்கும் உருண்டைகள் பெரும்பாலும் இரண்டு வகை. ஒன்று, பாறையின் மூலைகள் உதிர்ந்து வெங்காயம் போலப் பட்டை பட்டையாக உரியும் உருண்டை, கரட்டுச் சரிவுகளில் நிறையப் பார்க்கலாம். மற்றொன்று சுக்கான்கல். எலுமிச்சைச் சாறு விட்டால் சுக்கான்கல் நுரைக்கும், நுரைப்பதால் முட்டை என்று முடிவுகட்டுவார்கள். நுரைப்பது சுண்ணத்துக்கு அடையாளம், முட்டைக்கு அல்ல. முட்டை என்றால் மில்லிமீட்டர் கணக்கில் மெல்லிய ஓடு தனியாகத் தெரியும், அதில் நுண்துளை இருக்கும், உள்ளே நிரம்பியிருப்பது வேறு பொருளாக இருக்கும். அடி வரை ஒரே கல்லாகவோ, வளையம் வளையமாகவோ இருந்தால் முட்டை இல்லை. சேலத்தில் பெரியார் பல்கலைக்கழகத்திலும் அரசு கலைக் கல்லூரியிலும் நிலவியல் துறை இருக்கிறது. அச்சுக்குப் போகும் முன் ஒரு போன் போட்டால் போதும்.

அடுத்தது இடம், அதாவது கண்டங்கள். டைனோசர்கள் தோன்றிய காலத்தில் நிலம் முழுவதும் பாஞ்சியா என்ற ஒரே கட்டி. பிறகு வடக்கே லாரேசியா, தெற்கே கோண்ட்வானா என்று பிரிந்து, அவையும் உடைந்தன. கோண்ட்வானா என்ற பெயரே மத்திய இந்தியாவின் கோண்டு மக்கள் நிலத்திலிருந்து போனதுதான். இதைப் படமாகக் காட்டும்போது பள்ளிகளில் நடக்கும் முதல் தவறு, சுவரில் தொங்கும் உலகப் படத்தை வெட்டி ஒட்டுவது. தட்டைப் படத்தில் கிரீன்லாந்து ஊதிப் பெருத்திருக்கும், அண்டார்க்டிகா அடியில் ஒரு வெள்ளைக் கரை போல நீண்டு கிடக்கும். அந்தக் கரையை எங்கே வைத்தாலும் பொருந்தாது. பிள்ளைகள் சலித்துப்போய் அண்டார்க்டிகாவையே விட்டுவிடுவார்கள். நடுவில் அது இல்லாவிட்டால் ஆஸ்திரேலியாவுக்கும் தென் அமெரிக்காவுக்கும் உறவே தெரியாது.

30 செ.மீ. விட்டமுள்ள பூகோள உருண்டை ஒன்று எடுங்கள். அதன்மேல் பட்டர் பேப்பர் வைத்து ஒவ்வொரு கண்டமாக வரையுங்கள். கரையோரக் கோட்டில் வெட்டாதீர்கள். கடலில் வெளிர்நீலமாகக் காட்டியிருக்கும் ஆழமற்ற பகுதியும் கண்டத்தின் உடம்புதான். அதையும் சேர்த்து வெட்டினால்தான் பிரேசிலின் மூக்கு ஆப்பிரிக்காவின் கினி வளைகுடாவில் சரியாக உட்காரும். ஆசியா பெரிது, வளைந்த தாள் தட்டையானால் சுருங்கும். ஓரத்தில் நான்கைந்து இடங்களில் கத்தரித்து விட்டால் படிந்துவிடும். அரேபியாவை ஆப்பிரிக்காவோடு, இலங்கையை இந்தியாவோடு சேர்த்தே வெட்டுங்கள். இந்தியாவை மட்டும் இமயத்தின் அடிவாரத்தில் நறுக்கி, வடக்கே 2 செ.மீ. வெற்றுத்தாள் விடுங்கள். அந்தப் பகுதி பின்னால் மோதலில் திபெத்துக்கு அடியில் போய்விட்டது. இமயமலையை வரைந்து வைத்துவிடும் பள்ளிகள் ஏராளம். இந்தியா ஆசியாவில் மோதியது ஏறக்குறைய 5 கோடி ஆண்டுகளுக்கு முன். டைனோசர் காலத்தில் இமயமே கிடையாது. தாளை அட்டையில் ஒட்டி, பின்னால் சிறு காந்தம் வைத்து, தகரப் பலகையில் நகர்த்துங்கள். தெர்மாகோலில் குண்டூசி குத்தினால் மூன்றாவது முறை நகர்த்தும்போது ஓட்டை பெரிதாகிக் கண்டம் கழன்று விழும்.

மூன்று நிலை காட்டினால் போதும். 23 கோடி: எல்லாம் ஒன்று. 15 கோடி: தென் அமெரிக்காவும் ஆப்பிரிக்காவும் ஒட்டியபடி, இந்தியா, மடகாஸ்கர், அண்டார்க்டிகா, ஆஸ்திரேலியா மற்றொரு கூட்டம். 6.6 கோடி: இந்தியா தனித்தீவு. மடகாஸ்கர் 8.8 கோடி ஆண்டுகளுக்கு முன்பே இந்தியாவை விட்டுப் பிரிந்துவிட்டது. 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் நர்மதைப் பகுதி நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே 20 டிகிரிக்குச் சற்று அதிகமாகத் தள்ளி இருந்தது. இந்த உருண்டையில் 10 டிகிரி என்பது 2.6 செ.மீ., ஆகவே கோட்டுக்குக் கீழே 5 செ.மீ.க்குச் சற்று அதிகமாக வையுங்கள். இன்று நர்மதை கோட்டுக்கு மேலே கிட்டத்தட்ட 6 செ.மீ. இந்த 11 செ.மீ. தூரம்தான் நிலத்தில் 4,700 கிலோமீட்டர். நர்மதை மேல் விரலை வைத்து மெதுவாகத் தள்ளிக் காட்டுங்கள், வேறு விளக்கம் தேவைப்படாது.

இப்போது யார் எங்கே என்று பார்க்கலாம். ஐரோப்பாவில்தான் முதன்முதலில் பெயர் வைத்தார்கள். 1824இல் மெகலோசரஸ், அடுத்த ஆண்டு இகுவானோடன், 1842இல் இங்கிலாந்து விஞ்ஞானி ரிச்சர்ட் ஓவன் வைத்த ‘டைனோசர்’ என்ற பொதுப்பெயர். பெல்ஜியத்தில் 1878இல் நிலக்கரிச் சுரங்கத்தின் 322 மீட்டர் ஆழத்தில் இகுவானோடன்கள் கூட்டமாகக் கிடைத்தன. ஆப்பிரிக்காவில் எகிப்தின் ஸ்பைனோசரஸ். 1915இல் விவரிக்கப்பட்ட முதல் எலும்புகள் 1944இல் மியூனிக் நகரில் விழுந்த குண்டில் அழிந்தன. தான்சானியாவின் டெண்டகுருவில் எடுத்த எலும்புகளோடு பெர்லினில் 13 மீட்டர் உயரத்துக்கு நீள்கழுத்து ஜிராஃபடைட்டன் நிற்கிறது. ஆஸ்திரேலியாவில் முட்டபுராசரஸ். அண்டார்க்டிகாவில், 1991இல் மலையுச்சிப் பக்கத்தில் கிடைத்த, தலையில் சீப்புப் போன்ற கொண்டையுள்ள கிரையோலோஃபோசரஸ். பனிக்கண்டத்தில் டைனோசரா என்று கேட்பார்கள். அது வாழ்ந்த 19 கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே காடு இருந்தது, கண்டமும் வடக்கே தள்ளி இருந்தது.

ஒரு விலங்கு ஒரு கண்டத்துக்கே உரியது என்றும் எழுதிவிடக் கூடாது. ஸ்டெகோசரஸ் எலும்பு போர்ச்சுகலிலும் கிடைத்திருக்கிறது, 15 கோடி ஆண்டுகளுக்கு முன் அட்லாண்டிக் குறுகலாக இருந்ததுதான் காரணம். டி.ரெக்ஸுக்கு மிக நெருங்கிய பங்காளி மங்கோலியாவின் டார்போசரஸ். வட அமெரிக்காவின் நடுவே நெடுங்காலம் கடல் ஓடி நிலத்தை இரண்டாகப் பிளந்திருந்தது. மேற்குப் பாதிக்கும் ஆசியாவுக்கும் வடக்கே நிலத்தொடர்பு வாய்த்தது.

நமக்கு மிக நெருக்கமான கதை தெற்கே இருந்த கோண்ட்வானாவில் இருக்கிறது. குஜராத்தின் ரையோலியில் 1980களின் தொடக்கத்தில் தோண்டியெடுத்து 2003இல் பெயர் சூட்டப்பட்ட ராஜசாரஸ் நர்மடென்சிஸ் குட்டையான, கனத்த தலை கொண்ட வேட்டை விலங்கு. நெற்றி மேல் ஒற்றைத் தாழ்ந்த கொம்பு. மடகாஸ்கரில் அதன் உறவு மஜுங்கசாரஸ், அதற்கும் தலையில் ஒற்றைக் குமிழ். அர்ஜென்டினாவில் கார்னோடாரஸ், அதற்கு இரட்டைக் கொம்பு, கை இருக்கிறதா என்று தேட வேண்டும். மூன்றும் அபெலிசாரிடு என்ற ஒரே குடும்பம். மூன்றுக்கும் இடையே இன்று பெருங்கடல். தகரப் பலகையில் முதல் நிலைக்குக் காந்தங்களைத் தள்ளினால் மூன்றும் ஒரே தரையில் வந்து நிற்கும். டி.ரெக்ஸுக்குச் செலவழிக்கும் காகிதக் கூழை ராஜசாரஸுக்குச் செலவழித்தால் இந்தப் பாடம் தானாக வரும்.

நீண்ட கழுத்துச் சைவங்களும் நம்மிடம் உண்டு. கோதாவரி, பிராணஹிதா பள்ளத்தாக்கில் கிடைத்த 300 எலும்புகளுக்கு மேல் வைத்துச் சேர்க்கப்பட்ட பரபாசாரஸ் டாகோரி கொல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் கழகத்தில் நிற்கிறது. வங்க மொழியில் ‘பரோ பா’ என்றால் பெரிய கால், பின்பெயர் தாகூருக்கு. அதன் காலம் ஏறக்குறைய 19 கோடி. அதே வட்டாரத்துக் கோட்டாசாரஸ் ஐதராபாத் பிர்லா அறிவியல் அருங்காட்சியகத்தில். இந்தியாவில் டைனோசர் எலும்பு முதலில் கிடைத்தது 1828இல், ஜபல்பூரில், ஸ்லீமன் என்ற ராணுவ அதிகாரி கையில். டைனோசர் என்ற சொல்லே பிறப்பதற்கு 14 ஆண்டுகள் முன்பு.

தமிழ்நாட்டுக்கு வருவோம். அரியலூர் மாவட்டம் கல்லமேட்டில் கிடைத்த பிருஹத்காயோசரஸின் காலெலும்பு மட்டும் 2 மீட்டர் என்று அளந்தார்கள். உலகிலேயே பெரிய டைனோசர் நம்முடையது என்று பலகை எழுதும் ஆசை வருவது இயல்பு. எழுதாதீர்கள். விவரித்தபோது அதை வேட்டை விலங்கு என்றார்கள், பிறகு நீள்கழுத்துச் சைவம் என்று மாற்றினார்கள். எலும்பு நொறுங்கி உதிர்ந்துவிட்டது, படங்கள்தான் மிச்சம். களிமண் படிவில் கிடக்கும் எலும்பு மழையில் உப்பி வெயிலில் வெடிக்கும். கோணியும் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸும் வைத்து மாவுக்கட்டு போலக் கட்டாமல் தூக்கினால் எங்கேயும் இதுதான் கதி. பெயரில் நம்மைச் சுண்டி இழுக்கும் திராவிடோசரஸும் அப்படித்தான். 1979இல் தகட்டு முதுகு டைனோசர் என்று அறிவிக்கப்பட்டது; அது கடல் ஊர்வனவின் எலும்பு என்று பின்னால் மறுப்பு வந்தது, வழக்கு இன்னும் தீரவில்லை. பலகையில் ‘கருத்து வேறுபாடு உண்டு’ என்று எழுதுங்கள். கல்லமேட்டில் கிடைத்த மிகச் சிறிய பல் ஒன்று 2013இல் ட்ரூடோன்டிடு என்ற, பறவை போன்ற சிறு டைனோசர்களின் குடும்பத்தது என்று வெளியிடப்பட்டது. வட கண்டங்களுக்கே உரியது என்று அதுவரை நினைத்திருந்த குடும்பம் அது. 2 மீட்டர் எலும்பை விட, எங்கள் பார்வையில், அந்தப் பல்தான் கண்காட்சிக்கு நல்ல கேள்வி.

உருவம் செய்வதைப் பற்றிச் சில வார்த்தை. எல்லாவற்றுக்கும் 20க்கு 1 என்ற ஒரே அளவு வையுங்கள். டி.ரெக்ஸ் 12 மீட்டர், ஆகவே 60 செ.மீ. மகாராஷ்டிரத்தின் நீள்கழுத்து இசிசாரஸ் 18 மீட்டர் என்று கொண்டால் 90. ராஜசாரஸ் 7 மீட்டர் வைத்தால் 35. வெலாசிராப்டர் வாலோடு 2 மீட்டர், எனவே 10 செ.மீ.; நிற்கும்போது இடுப்பு உயரம் வெறும் இரண்டரை. நிஜத்தில் அது வான்கோழி அளவுதான். பக்கத்தில் ஒப்புக்கு ஒரு காங்கேயம் காளை வையுங்கள், தோள் வரை 7 செ.மீ. வரும். மனிதப் பொம்மையை விட அது நம் பிள்ளைகளுக்குச் சட்டென்று அளவு சொல்லும்.

கட்டுக்கம்பியில் கூடு கட்டி, பனியன் வேஸ்ட்டைச் சுற்றி உடம்பாக்கி, மேலே செய்தித்தாளைப் பசையில் நனைத்து மூன்று சுற்று ஒட்டுங்கள். ஒரு கப் மைதாவுக்கு நாலு கப் தண்ணீர், கட்டியில்லாமல் காய்ச்சி, ஆறியபின் இரண்டு ஸ்பூன் ஃபெவிகால். மயில்துத்தம் போட்டால் பூச்சி அரிக்காது என்பார்கள். அது விஷம், பள்ளியில் வேண்டாம். ஒரு நாளைக்கு ஒரு சுற்று மட்டும். அவசரப்பட்டு மூன்றையும் ஒரே நாளில் ஒட்டினால் வெளியே காய்ந்து உள்ளே ஈரம் நிற்கும், நான்காம் நாள் பூஞ்சை பிடித்து வாடை அடிக்கும். தெர்மாகோலில் செய்பவர்கள் ஸ்ப்ரே பெயின்ட்டை நேராக அடிக்கக் கூடாது. அதிலுள்ள கரைப்பான் தெர்மாகோலைத் தின்றுவிடும், கண்முன்னே டைனோசர் குழிகுழியாக உருகும். மேலே தாள் ஒட்டிக் காயவைத்து, தண்ணீரில் கலக்கும் பெயின்ட் அடியுங்கள்.

டி.ரெக்ஸ், ராஜசாரஸ் போன்ற இருகாலிகளை வாலைத் தரையில் ஊன்றி, கங்காரு போல நிமிர்த்தி வைப்பது பழைய தவறு. முதுகும் வாலும் தரைக்கு இணையாக இருக்க வேண்டும். அப்படி வைத்தால் மூக்குக் குத்தி விழுகிறது என்பதால்தான் வாலை ஊன்றுகிறார்கள். இடுப்பில் நூல் கட்டித் தொங்கவிட்டுப் பாருங்கள், தலை தாழ்ந்தால் வாலுக்குள் மணல் நிரப்புங்கள். அந்த விலங்கும் வாலின் எடையால்தான் தலையைத் தூக்கி நடந்தது. டி.ரெக்ஸ் கையில் இரண்டே விரல். வெலாசிராப்டரின் முன்கை எலும்பில் இறகு பதிந்த மேடுகள் இருப்பது 2007இல் தெரியவந்தது. அதனால் மொட்டை உடம்பு வேண்டாம். நாமக்கல் பக்கம் கோழி இறகுக்கா பஞ்சம்? சோப்புத் தண்ணீரில் அலசி வெயிலில் காயவைத்து ஒட்டலாம்.

தரையையும் கவனியுங்கள். ஸ்டெகோசரஸ் காலத்தில் புல் இல்லை, பூ இல்லை, தென்னை இல்லை. தென்னை நார்க்கழிவு பொள்ளாச்சியில் மலிவு, அதைப் பரப்பி அதன்மேல் பெரணியும், வீட்டு முகப்பில் வைக்கும் சைக்கஸ் இலையும் குத்துங்கள். பங்களா வாசல்களில் ‘கிறிஸ்துமஸ் மரம்’ என்று வளர்க்கும் அரக்கேரியா அந்தக் காலத்து மரக் குடும்பம், அதன் கிளை கிடைத்தால் மிகப் பொருத்தம். இந்தியாவின் கடைசிக்கால டைனோசர் காட்சிக்கு மட்டும் கொஞ்சம் புல் வைக்கலாம். மகாராஷ்டிரத்தின் பிஸ்துராவில் கல்லாகிப்போன சாணத்துக்குள் புல்லின் நுண்துகள் இருந்தது 2005இல் வெளியானது.

இடமும் பணமும் குறைவாக உள்ள பள்ளிக்கு ஒரே ஒரு காட்சி போதும் என்றால், நாங்கள் சொல்வது முட்டைக் குழி. நர்மதைப் பள்ளத்தாக்கின் கீழ்ப்பகுதியில், மத்தியப் பிரதேசத்தின் தார் மாவட்டத்தில் கிடைத்த 92 கூடுகளும் 256 முட்டைகளும் 2023இல் விவரிக்கப்பட்டன. முட்டையின் விட்டம் 15 முதல் 17 செ.மீ. அந்த அளவில் பலூன் ஊதி, தாள் ஒட்டி, காய்ந்ததும் குத்தி எடுத்தால் ஓடு தயார். பலூனை முழுதாக ஊதினால் பேரிக்காய் வடிவம் வரும், அரைவாசி ஊதினால் உருண்டை வரும். பக்கத்தில் நாமக்கல் முட்டை ஒரு அட்டையும், மேலே பத்தும் அடுக்குங்கள். ஒரு டைனோசர் முட்டையின் கொள்ளளவு ஏறக்குறைய அந்த 40 முட்டை. கூட்டைச் சுற்றி ஒரு பாம்பையும் சுருட்டி வைக்கலாம், கற்பனை இல்லை. குஜராத்தில் டைனோசர் கூட்டில், உடைந்த முட்டையைச் சுற்றிச் சுருண்டு, பக்கத்தில் குஞ்சோடு கல்லாகிக் கிடந்த மூன்றரை மீட்டர் பாம்புக்கு 2010இல் சனஜே இண்டிகஸ் என்று பெயர் வைத்தார்கள்.

பொருட்காட்சிக் கூடாரக்காரர்களுக்கு இவ்வளவு வேலை இல்லை. சிலைகள் எங்கிருந்தோ வாடகைக்கு வருகின்றன, மாற்றச் சொல்லவில்லை. ஃப்ளெக்ஸில் சிலைக்கு ஒரு பட்டை அடித்தால் முடிந்தது: ‘டைரனோசரஸ் ரெக்ஸ். வட அமெரிக்காவின் மேற்கு. 6.8 முதல் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன். இந்தியாவில் கிடைத்ததில்லை.’ மம்மூத்தையும் பறக்கும் டெரோசாரையும் தனி மூலையில் நிறுத்தி ‘இவை டைனோசர் அல்ல’ என்று எழுதிவிடுங்கள். கூட்டம் குறையாது.

கண்காட்சி முடிந்து சுற்றுலா கிளம்பும் பள்ளிகள் நீச்சல் குளம் உள்ள பூங்காவுக்குப் பதில் ஒரு முறை கிழக்கே திரும்பலாம். பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் கடலடியில் புதைந்து கல்லாகிப்போன 18 மீட்டர் மரம், அரியலூர் மாவட்டம் வாரணவாசியில் புதைபடிவ அருங்காட்சியகம். விடியலில் கிளம்பினால் ஒரே நாளில் இரண்டையும் பார்த்துத் திரும்பலாம். மாசிக்குள் போய்விடுங்கள், பங்குனி வெயிலில் அந்த வெட்டவெளியில் பிள்ளைகள் தாங்க மாட்டார்கள். மழை பெய்த மறுநாள் அந்தப் பக்கத்துக் களிமண் செருப்பை விடாது. சிப்பி கண்ணில் பட்டால் அது கிடக்கும் இடத்திலேயே, பக்கத்தில் ஒரு ஸ்கேல் வைத்து, படம் மட்டும் எடுக்கச் சொல்லுங்கள். எந்த அடுக்கில் கிடந்தது என்று தெரியாமல் பைக்குள் வந்த சிப்பிக்கு வயது சொல்ல யாராலும் முடியாது.

இப்படிக்கு,
நிலவியல், அறிவியல் ஆசிரியர்கள் சிலர்,
ஈரோடு.